முழங்கால் பனி

ஓடுபாதைக் காவலன் ரோசமேல் ரேடியோவில் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் மனைவி எர்சிலியா அதே அறையில்தான் இருந்தாள். கை நிறைய மாவு. ரொட்டி பொரிக்க ஆட்டுக்கொழுப்பு அடுப்பில் உருகிக்கொண்டிருந்தது.

"முழங்கால் அளவு கிடக்குங்க, தோன் காஸ்தோன். சக்கரத்துல இறங்க முடியாது. திரும்பிப் போயிருங்க," என்றான் ரோசமேல்.

'தோன்' என்றால் அங்கே 'ஐயா' மாதிரி. மறுமுனையில் விமானி காஸ்தோனின் சிரிப்பு கேட்டது. "உன் முழங்கால் எவ்வளவு உயரம்டா, குள்ளா?"

"விளையாட்டு இல்லைங்க. இப்பதான் குச்சி வச்சுப் பாத்துட்டு வந்தேன். முழங்கால்."

கால்மணி நேரம் கழித்து எஞ்சின் சத்தம் மலையைத் தாண்டி வந்தது. ரோசமேல் தொப்பிகூடப் போடாமல் வெளியே ஓடி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசினான். விமானம் அவனைக் கடந்து தாழ்ந்தது. சக்கரம் பனியைத் தொட்டதும் யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல முன்பக்கம் குத்தி, வால் எழுந்து, அப்படியே மல்லாந்தது. காஸ்தோனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின் இருக்கையில் இருந்த பள்ளி ஆசிரியர் அமதேயோவுக்குக் கழுத்து முறிந்தது. அவர் கொண்டுவந்த நோட்டுப் புத்தகங்கள் பனியெல்லாம் சிதறிக் கிடந்தன. ரியோ பார்தோ பள்ளத்தாக்கில் அது எண்பத்து மூன்றாம் ஆண்டின் ஆகஸ்ட் மாதம்.

அங்கே எல்லா வீட்டிலும் ரேடியோ உண்டு. எல்லாம் ஒரே அலைவரிசை. விமானங்கள் பேசுவதும் அதில்தான். ஆனால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒரு மணி நேரம் ஊர்க்கதை முழுக்க அதில் ஓடும். ரோசமேல் பேசியது காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் ஓடுபாதைக் காவலனின் ரேடியோ ஒன்றுதான் திறந்திருக்கும். ஆகவே அவன் சொன்னதைக் கேட்டவர்கள் இருவர். ஒருவர் காஸ்தோன், இன்னொருவர் எர்சிலியா.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி காஸ்தோன் அவர்கள் முன் உட்கார்ந்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னான்: "நாலு விரல்தான்னு சொன்னான். நாலு விரல் பனியில நான் நூறு தடவை இறங்கியிருக்கேன்."

எர்சிலியா எழுந்து நின்று தான் கேட்டதைச் சொன்னாள். வயதில் மூத்த அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே, "அம்மா, கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்குற பொம்பளையை நான் இன்னும் பாக்கலை. உக்காருங்க," என்றார்.

காஸ்தோன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. கடையில் சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. எர்சிலியா அதை அன்றைக்கே எடுத்து நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

காவலன் தவறான தகவல் கொடுத்தான் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. ரோசமேலின் வேலை போனது. அதைக்கூடத் தாங்கியிருப்பான். மாத்தேதான் அவனைக் கொன்றது. அந்த ஊரில் நாலு பேர் கூடினால் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர்க் குடுவை ஒன்று கையிலிருந்து கைக்குப் போகும். எல்லோரும் ஒரே குழலில் உறிஞ்சுவார்கள். கடைக்காரர் மனைவி நோல்ஃபாவின் அடுப்பைச் சுற்றி ஒரு மாலை ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குடுவை ரோசமேலின் பக்கம் வந்தபோது நோல்ஃபா கையை நீட்டி அதை அவன் மடியைத் தாண்டி அடுத்தவனிடம் கொடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அமதேயோ அவள் வீட்டில் தங்கியிருந்தவர். பெற்ற பிள்ளைபோல வைத்திருந்தாள்.

நோல்ஃபாவின் மகளுக்கு எர்சிலியாதான் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு எழுந்து வரும்போது வாசலில் நின்று எர்சிலியா கேட்டாள்: "என்ன கொமாத்ரே, என் வீட்டுக்காரன் வாயில புழுவா இருக்கு?"

"என்னை இனிமே அப்படிக் கூப்பிடாதே," என்றாள் நோல்ஃபா.

ரோசமேல் இரண்டு வருஷம் அந்த மௌனத்துக்குள் நடமாடினான். பிறகு ஒரு வசந்தத்தில், ஆட்டு உரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு எல்லை தாண்டி அர்ஜென்டினாவுக்குப் போனான். "மூணு மாசத்துல வந்துருவேன்," என்றான். வரவில்லை. பணம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

எர்சிலியாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அழுதாள், ஆனால் ரொம்ப நாள் இல்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் காஸ்தோன் முகம்தான் வரும். அவனைக் கத்தியால் குத்துவதாக ஒருநாள் நினைப்பாள். பெட்ரோலில் தண்ணீர் கலப்பதாக இன்னொரு நாள். எதுவும் போதவில்லை. செத்துப்போனால் அவன் வாயும் கூடவே அல்லவா போய்விடும்? அவளுக்கு அந்த வாய்தான் வேண்டியிருந்தது. பொய் சொன்ன அதே வாய், ஊர் கேட்க உண்மையைச் சொல்ல வேண்டும்.

கவிழ்ந்த விமானம் ஓடுபாதை ஓரத்திலேயே கிடந்தது. காஸ்தோன் காப்பீட்டுப் பணத்தில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டான். பழையதன் வயிற்றுக்குள் கோழிகள் முட்டையிட்டன. எர்சிலியா அப்பா விட்டுப்போன நிலத்தில் பாதியையும் ஆடுகளையும் விற்று, அந்த ஓட்டை விமானத்தை வாங்கினாள். ஊர் வாயைப் பிளந்தது.

"கோழிக்கூடா வைக்கப்போறே?" என்று கேட்டார் காவல் நிலைய சார்ஜென்ட் உல்லோவா. கொஞ்சம் நல்ல மனிதர்.

"ஆமா சார்ஜென்ட். பறக்குற கோழிக்கூடு."

கொய்ஹைக்கே நகரத்திலிருந்து மெக்கானிக் ஒருவன் வந்து, பாகம் பாகமாகக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனான். ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் அவள் அந்த நகரத்து விமானக் கழகத்தில் சமையல் வேலை செய்துகொண்டே பறக்கக் கற்றாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பண்ணை முதலாளிகளின் பிள்ளைகள். அவளை 'சட்டி' என்று கூப்பிட்டார்கள். சட்டிதான் தேர்வில் முதலாவதாக வந்தாள்.

ஆனால் பனி மட்டும் அங்கே யாருக்கும் அவ்வளவாகத் தெரியவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ரோசமேலின் வேலை போனபிறகு ரியோ பார்தோ ஓடுபாதையைப் பார்க்க ஆள் இல்லாமல், சார்ஜென்ட் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் அவள் தலையில் கட்டியிருந்தார். இரண்டு குளிர்காலம் அதன் நீளம் முழுக்க விடியற்காலையில் நடந்தவள் அவள். காலடியில் கிரீச்சிட்டால் இறுகிய பனி, சக்கரம் ஓடும். பொத்தென்று அமுங்கினால் புதுப்பனி. நாலு விரல் வரை பயமில்லை, ஒரு சாண் இருந்தால் யோசிக்க வேண்டும். முழங்கால் என்றால் சக்கரத்துக்குக் கீழே சறுக்குக்கட்டை பூட்டிய விமானம்தான் இறங்க முடியும். அந்தப் பக்கம் சறுக்குக்கட்டை யாரிடமும் இல்லை. எல்லாவற்றையும்விடக் கேடு, மேலே வெள்ளையாகவும் அடியில் நீர் கோத்தும் கிடக்கும் நசநசத்த பனி. அது சக்கரத்தைப் பிடித்தால் விடாது.

இதையெல்லாம் அவள் விமானத்தோடு பொருத்திக்கொண்டாள். மே மாதம் வந்ததும் சக்கர மூடிகளைக் கழற்றிவிடுவாள். இல்லாவிட்டால் பனி உள்ளே போய் அடைத்துக் கல்லாகிவிடும். காலையில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் அடுப்பை வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திச் சூடாக்குவாள். இறக்கைமேல் உறைபனி ஒரு காகிதத்தின் கனத்துக்குக்கூட இருக்கக் கூடாது. ஒரு நீளக் கயிற்றை இறக்கைக்குக் குறுக்கே போட்டு, இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் பயணியும் ரம்பம் இழுப்பதுபோல இழுத்துத் தேய்ப்பார்கள். கிளம்புமுன் ஓடுபாதையில் இரண்டு தடவை மேலும் கீழும் ஓட்டித் தடம் போடுவாள். மூன்றாவது தடவை அதே தடத்தில் வேகமெடுத்து, முன்சக்கரத்தைப் பனியிலிருந்து தூக்கிப் பிடித்தபடியே எழும்புவாள். இறங்கும்போதும் அப்படித்தான். மூக்கு மேலே, எஞ்சின் கொஞ்சம் உயிரோடு, பிரேக் பக்கம் கால் போகவே போகாது. பனியே நிறுத்தும்.

முதல் வருஷம் அந்த விமானத்தில் ஏற ஆள் இல்லை. ஒரு பிரேதம் விழுந்த இருக்கை. பிறகு பல்வலிக்காரன் ஒருவன் வந்தான், வயிற்றுவலிக்காரி ஒருத்தி வந்தாள். வலி வந்தவனுக்குப் பேய்ப் பயம் இருக்காது. காஸ்தோன் மூன்று நாள் கொய்ஹைக்கேயில் முடங்கிக் கிடக்கிற பனியில் அவள் நிதானமாக வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, ஊர் அவள் பக்கம் நகரத் தொடங்கியது. தபால் மூட்டையும் அவள் கைக்கு வந்தது. அதுவரை அது காஸ்தோனிடம் இருந்தது.

ஒருநாள் காஸ்தோன் நசநசத்த பனியில் அவசரமாகக் கிளம்பினான். சக்கரத்தில் அப்பிய ஈரம் மேலே போனதும் உறைந்து பிரேக்கை இறுக்கிவிட்டது. கொய்ஹைக்கேயில் இறங்கினபோது சக்கரம் சுழலவே இல்லை. விமானம் எருமை மாதிரிப் பக்கவாட்டில் வழுக்கிப் போய் வேலியில் முட்டி நின்றது. எர்சிலியா வேலிக்கு அந்தப் பக்கம் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என்ன தோன் காஸ்தோன், சறுக்குக்கட்டை பூட்டிட்டீங்க போல?"

"மூடு வாயை."

"நசநசன்னு கிடந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி காய்ஞ்ச இடமாப் பாத்து நாலு தடவை முன்னே பின்னே ஓட்டி ஈரத்தை உதறணும். என் வீட்டுக்காரன் கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

காஸ்தோன் கிட்டே வந்தான். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "உன் வீட்டுக்காரன் இருக்கானா என்ன?" என்றான்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. தபாலைப் பிடுங்கியது, பயணிகளைப் பிடுங்கியது எல்லாம் வெறும் கீறல்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

தொண்ணூறாம் ஆண்டு, அதுவும் ஆகஸ்ட். மூன்று நாள் பனி கொட்டி நின்ற ஒரு காலையில் அவள் ரியோ பார்தோவில் வந்து இறங்கினாள். வானமும் தரையும் ஒரே வெள்ளை. நிழல் என்று ஒன்றில்லை. அப்படிப்பட்ட நாளில் தரை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இன்னும் பத்து ஆள் உயரம் இருப்பதாக நினைக்கும்போது சக்கரம் இடிக்கும், இடிக்கப்போகிறது என்று நினைக்கும்போது கீழே வெறும் காற்று இருக்கும். அவள் ஆற்றங்கரை மரங்களை வைத்து உயரம் கணித்து, பாதையின் வலது ஓரமாக இறங்கினாள். இறங்கி நடந்து பார்த்தாள். வலது பக்கம் ஒரு சாணுக்கும் குறைவு, அடியில் கெட்டி. இடது பாதியில் காலை வைத்தால் கணுக்கால்வரை தண்ணீர். ஆற்று ஊற்று அடியில் புகுந்திருந்தது. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. இப்படிப்பட்ட நாளுக்கென்று விமானத்தின் வாலில் ஒரு கட்டு மரக்கிளை வைத்திருப்பாள். பாதை ஓரமாகக் கருப்பாக வரிசை போட்டால் வருகிறவனுக்குத் தரை தெரியும்.

கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. அவள் தன் விமானத்துக்குள் ஏறி ரேடியோவைத் திறந்தாள்.

"ரியோ பார்தோ, ரியோ பார்தோ. யாராவது இருக்கீங்களா?" காஸ்தோனின் குரல். கொஞ்சம் உயர்ந்திருந்தது. "மேற்கே கணவாய் மூடிக்கிச்சு. திரும்ப வழியில்லை. பனி எவ்வளவுன்னு சொல்லுங்க."

எர்சிலியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம்.

அவள் பொத்தானை அழுத்தவில்லை.

அவன் மறுபடி கேட்டான். மறுபடி. விமானம் மேகத்துக்குக் கீழே வந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றியது. "எர்சிலியா! உன் விமானம் நிக்கிறது தெரியுது எனக்கு. கேக்குதா?"

பொத்தான் பக்கம் போன கையை அவள் மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். நாலு நிமிஷம். மூன்று. அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். இரண்டு. மலைச்சரிவில் கிடக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இப்போது யாரோ ஒருவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோப் பெட்டி பக்கம் நடப்பார்கள் என்று நினைத்தாள். பன்னிரண்டைத் தாண்டி ஒரு நிமிஷம் கூடுதலாகவே விட்டாள்.

"கேக்குது, தோன் காஸ்தோன்."

"அப்பாடா! ஏன்டி வாயைத் திறக்கலே? எவ்வளவு இருக்கு?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும். எண்பத்து மூணுல, ஆகஸ்ட்ல, காலையில ஒன்பது மணிக்கு என் வீட்டுக்காரன் உங்ககிட்ட எவ்வளவுன்னு சொன்னான்?"

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது.

"உனக்குப் பைத்தியமா? மூணு பேரை வச்சுக்கிட்டு இருக்கேன்."

"அன்னைக்கும் ஒருத்தரை வச்சிருந்தீங்க."

"எர்சிலியா, பெட்ரோல் அரைமணிக்குக்கூட இல்லை. நோல்ஃபா இருக்கா என்கூட. அவ புருஷன் இருக்கான். இன்னொருத்தன் புது நர்ஸ், அவனுக்கு உன்னை யாருன்னுகூடத் தெரியாது!"

நோல்ஃபா என்றதும் அவள் நெஞ்சுக்குள் ஒன்று அசைந்தது. இரக்கம் என்று சொல்ல முடியாது. அவளும் கேட்கட்டும் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அந்த நர்ஸ் பையனைப் பற்றிய எண்ணம் பிறகுதான் வந்தது. தான் செய்வது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் செய்தாள்.

"எனக்கு அவசரம் இல்லை, தோன் காஸ்தோன். எவ்வளவுன்னு சொன்னான்?"

இடையில் சார்ஜென்ட் உல்லோவா காவல் நிலையத்திலிருந்து புகுந்தார். "எர்சிலியா, இது சரியில்லைம்மா. பனியை முதல்ல சொல்லு. மத்ததைப் பிறகு—"

"நீங்க விலகுங்க சார்ஜென்ட். ஏழு வருஷமாப் பிறகு பிறகுன்னுதான் இருக்கேன்."

விமானம் இன்னொரு சுற்று வந்தது. இம்முறை தாழ்வாக, பாதையை ஒட்டி. அவனும் தரையைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இடது பாதிக்கு நேர் மேலே வந்து, எதுவும் பிடிபடாமல் எழுந்து போனான். அவன் சொல்லாமலே இறங்கிவிட்டால்? அந்த நீரில் சக்கரம் இறங்கினால் அன்றைக்கு நடந்ததேதான் நடக்கும், நாலு பேரோடு. அவள் வாயைத் திறந்தாள். பொத்தான்மேல் விரலும் வந்துவிட்டது.

அதற்குள் அவன் குரல் வந்தது.

"முழங்கால்னு சொன்னான்."

"யாரு சொன்னா? பேரைச் சொல்லுங்க."

"ரோசமேல். ரோசமேல் லெவிக்கான். முழங்கால் இருக்கு, இறங்காதேன்னு சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். நான்தான் இறக்கினேன். நாலு விரல்னு பொய் சொன்னதும் நான்தான். போதுமா? போதுமாடி?"

எங்கோ ஒரு வீட்டில் பொத்தானை அழுத்திவிட்டு மறந்திருப்பார்கள். நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

"போதும்," என்றாள் எர்சிலியா. அவள் குரல் மாறிவிட்டது. நாள்தோறும் பனி சொல்கிற குரல். "இப்ப கவனமாக் கேளுங்க. இடது பாதி முழுக்க அடியில தண்ணி, அந்தப் பக்கம் சக்கரம் போகவே கூடாது. வலது பக்கம் முக்கால் சாண், அடியில கெட்டி. என் தடம் இருக்கு. தடத்துக்கு வலது ஓரமாக் கிளை போடப்போறேன். இன்னும் ரெண்டு சுத்துச் சுத்துங்க. கிளையைப் பாத்து உயரம் பிடிங்க. எஞ்சினைச் செத்துப்போக விடாதீங்க, மூக்கைக் கீழே விடாதீங்க, பிரேக்கை மறந்துருங்க."

கிளைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முப்பது காலடிக்கு ஒன்றாகக் குத்தினாள். இரண்டு முறை விழுந்தாள். கையுறை கழன்று எங்கோ போனது, திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் கிளையை நட்டு நிமிர்ந்தபோது விமானம் ஆற்றுக்குமேல் திரும்பிக்கொண்டிருந்தது.

அவன் கெட்டிக்காரன்தான். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. கிளை வரிசையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உயர்த்தி, அவள் போட்ட தடத்திலேயே சக்கரத்தை வைத்தான். பனி இருபுறமும் மாவுபோல எழுந்து விமானத்தை மறைத்தது. பிறகு அதற்குள்ளிருந்து விசிறி ஒன்று மெல்லச் சுற்றியபடி வெளியே வந்து நின்றது.

முதலில் இறங்கியவன் நர்ஸ். சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு வாந்தியெடுத்தான். அடுத்து நோல்ஃபா இறங்கினாள். தடுமாறி நடந்துவந்து, எர்சிலியாவின் கன்னத்தில் கைவிரல் பதிய அறைந்தாள்.

"நாங்க செத்திருப்போமேடி!"

"ஆமா."

"ஆமாவா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? உனக்குக் கேட்டுச்சா, அவன் சொன்னது?"

நோல்ஃபாவின் உதடு கோணியது. "கேட்டுச்சு," என்றாள். அமதேயோவின் பெயரைச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் கணவன் வந்து தூக்க வேண்டியிருந்தது.

காஸ்தோன் கடைசியாக இறங்கினான். எர்சிலியாவைத் தாண்டிப் போகும்போது நின்றான். ஏதோ சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். ஆனால் அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை, தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு ஊர்ப்பக்கம் நடந்தான். அந்தப் பார்வை தரையில் விழுந்ததைப் பார்த்தபோது அவளுக்குள் எழுந்த இனிப்பை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. "மாசக்கணக்குல பட்டினி கிடந்தவ முன்னாடி சுட்ட ஆட்டுத்தொடையை வச்சா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு," என்று பின்னால் சொன்னாள்.

அப்புறம் ஊர் இரண்டாகப் பிரிந்தது. செய்தது சரி என்றவர்கள் பாதி. அந்த மூன்று பேர் அவளுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டவர்கள் பாதி. ஆனால் இரு பாதியும் காஸ்தோனின் விமானத்தில் ஏறுவதை நிறுத்திவிட்டன. பன்றி வாங்கக்கூட அவனோடு பறக்க ஆள் இல்லை. அடுத்த கோடையில் விமானத்தை விற்றுவிட்டு வடக்கே எங்கோ போனான்.

காகிதம் மாறவில்லை. விசாரணைக்கு மறுபடி வந்தவர்களிடம் காஸ்தோன், உயிருக்குப் பயந்து அவள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன் என்று எழுதிக்கொடுத்தான். ஆசிரியர் சாவுக்குக் காரணம் காவலனின் தவறான தகவல் என்றுதான் இன்றைக்கும் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது. எர்சிலியா செய்ததற்கு ஒரு வருஷம் உரிமத்தைப் பறித்தார்கள். கையெழுத்துப் போடும்போது அதிகாரி கேட்டார்: "வருத்தம் ஏதாவது தெரிவிக்கிறீங்களா?"

"நர்ஸ் பையனுக்காகத் தெரிவிக்கிறேன்," என்றாள். "அவன் பேரை மட்டும் எழுதுங்க."

ரோசமேலுக்கு எல்லை தாண்டி மூன்று பண்ணைகள் வழியாகச் செய்தி சொல்லியனுப்பினாள். நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அங்கே அவனுக்கு வேறொரு பெண், இரண்டு பிள்ளைகள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு எப்போதும் தெரியும், அவன் ஒப்புக்கொண்டுதான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, நீ இதற்காக இத்தனை வருஷம் வீணாக்கியிருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தான். எர்சிலியா அதை இரண்டு தடவை படித்தாள். "உனக்காகன்னு யாருடா சொன்னா?" என்று காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள். உரக்கவே கேட்டாள். அப்போதுதான் அந்த விஷயம் அவளுக்கே தெளிவானது. அன்றைக்கு விசாரணையில் எழுந்து நின்றவள் அவள். உட்கார் என்று சொல்லப்பட்டவளும் அவள்.

உரிமம் திரும்பக் கிடைத்த குளிர்காலத்தில், ஜூன் மாதம், நோல்ஃபா ஓடுபாதைக்கு வந்தாள். தலையில் முக்காடு, கையில் காட்டு ரோஜாப்பழ ஜாம் ஒரு ஜாடி. கண்ணில் புரை, கொய்ஹைக்கேயில் அறுக்க வேண்டும். பறக்க வேறு ஆளில்லை.

எர்சிலியா கயிற்றின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் இறக்கைக்கு இருபுறமும் நின்று உறைபனியைத் தேய்த்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் நோல்ஃபா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் குடுவையை நான் தள்ளினது தப்பு, கொமாத்ரே."

"தப்புதான்."

"நீ எங்களை மேலே சுத்தவிட்டதும் தப்பு."

எர்சிலியா கயிற்றைச் சுருட்டினாள். "ஏறு," என்றாள். "உன்னைப் பத்திரமாக் கொண்டுபோய் இறக்குவேன். அதை வச்சு நான் மன்னிச்சுட்டேன்னு ஊர்ல போய்ச் சொல்லாதே."

"ஜாம்?"

"ஜாமைக் கொடு."

ஜாடியை வாங்கி இருக்கைக்கு அடியில் துணி சுற்றி வைத்தாள். பனி அன்றைக்கு மூன்று விரல், கிரீச்சிடுகிற பனி. இரண்டு தடவை மேலும் கீழும் ஓட்டித் தடம் போட்டுவிட்டு, மூன்றாவது தடவை எஞ்சினை முழுக்கத் திறந்தாள்.